என் கைக் காயம் ஆறிவிட்டது. அப்பாவின் கால் புண் மட்டும் ஏன் ஆறவில்லை?

கேள்வி: எனக்கு 38 வயது. ஒன்றரை மாதத்துக்கு முன்பு கத்தி பட்டு உள்ளங்கையில் ஆழமாக வெட்டிக்கொண்டேன். மறுநாள் சிவந்து, வீங்கி, தொட்டால் சுட்டது. பயந்துபோனேன். ஆனால் இரண்டே வாரத்தில் காயம் மூடிவிட்டது. அதே சமயத்தில், 67 வயதாகும் என் அப்பாவுக்கு வலது கால் பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில், காலணி உரசிச் சின்னதாக ஒரு புண் வந்தது. அவருக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. வலியும் இல்லை, சிவப்பும் இல்லை என்பதால் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏழு வாரமாகியும் புண் அப்படியே இருக்கிறது. மேலே மஞ்சளாக ஒரு படலம் படிகிறது. அது சீழா? தினமும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி, நுரை வரும்வரை அழுத்தித் துடைக்கிறேன். பிறகு காற்றாடத் திறந்து வைக்கிறோம். அவருக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது, அதைக் கூட்ட டானிக் கொடுங்கள் என்கிறார்கள் உறவினர்கள். கொடுக்கலாமா? அவரை நான் ஒருத்திதான் கவனித்துக்கொள்கிறேன். சரியாகத் தூங்கிப் பல நாளாகிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விளக்கமெல்லாம் பிறகு. முடிந்தால் நாளையே அப்பாவை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சர்க்கரை நோயாளியின் பாதத்தில் வரும் எந்தப் புண்ணையும் வந்த உடனேயே காட்ட வேண்டும். நான்கு வாரம் கடந்தும் ஆறுவதற்கான அறிகுறி இல்லையென்றால் அதை நாள்பட்ட புண் என்றே நாங்கள் கருதுவோம். ஏழு வாரம் மிகவும் தாமதம். வலியில்லை என்பதை நீங்கள் ஆறுதலாக எடுத்துக்கொண்டீர்கள். என்னைக் கவலைப்பட வைப்பது அதுதான். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

டானிக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொன்னால், வேண்டாம். ஆனால் அப்படிச் சொல்லி நிறுத்திவிட்டால் நாளை வேறொருவர் வேறொரு டானிக்கைச் சொல்வார்; நீங்களும் மனம் கேட்காமல் வாங்கிவிடுவீர்கள். எனவே உங்கள் உள்ளங்கையில் என்ன நடந்தது, அப்பாவின் பாதத்தில் என்ன நடக்காமல் போனது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கத்தி பட்ட சில நிமிடங்களில் இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு, ஃபைப்ரின் என்ற இழைகளோடு சேர்ந்து கசிவை அடைக்கின்றன. அடைக்கும்போதே பிற செல்களை அழைக்கும் வேதிப்பொருள்களையும் அவை வெளியிடுகின்றன. தோலிலேயே குடியிருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. பக்கத்திலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன. அவற்றின் சுவர் கசியத் தொடங்குகிறது. விரிந்த குழாயில் இரத்தம் கூடுதலாக ஓடுவதால் சிவப்பும் சூடும்; கசிந்த நீரால் வீக்கம். மறுநாள் காலையில் நீங்கள் பார்த்துப் பயந்தது இதைத்தான். காயத்தின் ஓரத்தோடு நின்று, இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடும் சிவப்பு, ஆறும் வேலை தொடங்கிவிட்டதைக் காட்டுகிறது. தணியாமல் நாளுக்கு நாள் பரவினால்தான் தொற்று என்று சந்தேகிக்க வேண்டும்.

இந்த நேரத்தில் வந்து சேர்பவை நியூட்ரோஃபில்கள். வெள்ளையணுக்களில் எண்ணிக்கையில் அதிகமானவை இவைதான். நம் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை உருவாக்குகிறது. இரத்தத்தோடு வேகமாக அடித்துச் செல்லப்படும் ஒரு நியூட்ரோஃபில், காயத்துக்கு அருகே வந்ததும் குழாயின் உட்சுவரில் மெல்ல ஒட்டி உருளத் தொடங்குகிறது. சுவரின் செல்கள் அந்த இடத்தில் மட்டும் சில ஒட்டுமூலக்கூறுகளை வெளியே நீட்டியிருக்கும். உருள உருள வேகம் குறைந்து, ஓரிடத்தில் இறுகப் பற்றிக்கொள்கிறது. பிறகு உடலைத் தட்டையாக்கி, இரண்டு சுவர்ச் செல்களுக்கு நடுவிலுள்ள இடுக்கில் நுழைந்து, வேதிப்பொருளின் செறிவு எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கம் ஊர்கிறது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இந்தப் பற்றிக்கொள்ளும் திறன் இருக்காது. அவர்களுடைய இரத்தத்தில் நியூட்ரோஃபில்கள் ஏராளமாக இருக்கும், ஆனால் காயத்தில் ஒன்றுகூட இறங்காது. தொப்புள்கொடி நெடுநாள் விழாமல் நிற்கும். காயம் சீழ் பிடிக்காது, ஆறவும் ஆறாது. சீழ் என்பதே பெரும்பாலும் இறந்த நியூட்ரோஃபில்கள்தான் என்பதை அந்தக் குழந்தைகளைப் பார்த்தால் புரியும்.

வந்தவை கிருமிகளை விழுங்குகின்றன. விழுங்க முடியாதவற்றின் மேல் தம் சொந்த டிஎன்ஏ இழைகளையே வலையாக விரித்துப் பிடிக்கின்றன. இந்த வலை 2004இல்தான் கண்டறியப்பட்டது. புரதத்தைக் கரைக்கும் நொதிகளையும் கொட்டுகின்றன. சிக்கல் இங்கேதான். அந்த நொதிகளுக்குக் கிருமியின் புரதம், நம் புரதம் என்ற பேதம் கிடையாது. நசுங்கிய திசுவைக் கரைக்கும் எலாஸ்டேஸ் என்ற அதே நொதி, புதிதாக உருவாகும் திசுவையும் கரைக்கும். அதனால் நியூட்ரோஃபில்கள் வருவது எவ்வளவு அவசியமோ, ஓரிரு நாளில் வேலையை முடித்து இறந்துபோவதும் அவ்வளவு அவசியம்.

1972இல் ரஸ்ஸல் ராஸும் அவருடன் பணியாற்றியவரும் கினிப் பன்றிகளின் உடலிலிருந்து நியூட்ரோஃபில்களை ஏறக்குறைய முழுவதும் நீக்கிவிட்டுக் காயம் எப்படி ஆறுகிறது என்று பார்த்தார்கள். தொற்று இல்லாத சுத்தமான காயங்கள் வழக்கம்போலவே ஆறின. 1975இல் அதே ஆய்வகத்தில் அடுத்து வரும் மேக்ரோஃபேஜ் செல்களைக் குறைத்துப் பார்த்தபோது நிலைமை மாறியது. இறந்த திசு அகலவில்லை. தோலுக்கு வலுவூட்டும் கொலாஜன் என்ற புரதத்தை நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் தாமதமாக வந்தன. காயம் ஆறுவது தள்ளிப்போனது. கிருமியைக் கொல்லும் வேலையும் திசுவைக் கட்டியெழுப்பும் வேலையும் வெவ்வேறு என்பதை அந்த இரண்டு ஆய்வுகளும் தெளிவாக்கின. நோய் எதிர்ப்பு என்றதும் நாம் கொல்வதை மட்டுமே நினைக்கிறோம். காயம் ஆறுவதைப் பொறுத்தவரை இரண்டாவது வேலைதான் பெரியது.

மேக்ரோஃபேஜ்களைப் பற்றி எழுத எனக்கு எப்போதும் ஆசை. இரண்டாம் நாளிலிருந்து, இரத்தத்தில் மோனோசைட் என்ற பெயரில் சுற்றும் செல்கள் காயத்துக்குள் இறங்கி மேக்ரோஃபேஜாக உருமாறுகின்றன. முதலில் அவையும் கிருமியையும் குப்பையையும் விழுங்கி, அழற்சியை, அதாவது மேலே சொன்ன சிவப்பையும் சூட்டையும் வீக்கத்தையும், தூண்டும் சைட்டோகைன்கள் என்ற செய்திப் புரதங்களைச் சுரக்கின்றன. பிறகு அங்கே இறந்து கிடக்கும் நியூட்ரோஃபில்களை விழுங்கத் தொடங்குகின்றன. அந்த விழுங்கலே மேக்ரோஃபேஜின் குணத்தை மாற்றிவிடுகிறது. இறந்த நியூட்ரோஃபிலைச் செரித்த மேக்ரோஃபேஜ், அழற்சியைத் தூண்டும் சுரப்பைக் குறைத்து, அழற்சியைத் தணிக்கும் பொருள்களையும் வளர்ச்சிக் காரணிகளையும் வெளியிடுகிறது. அவற்றைக் கேட்டுப் புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. ஃபைப்ரோபிளாஸ்ட்கள் கொலாஜனை இடுகின்றன. தோலின் மேலடுக்குச் செல்கள் ஓரத்திலிருந்து நகர்ந்து வந்து மூடுகின்றன. நியூட்ரோஃபில்கள் இறந்ததே முதல் கட்ட வேலை முடிந்தது என்ற செய்தியாகிறது. வெளியிலிருந்து யாரும் உத்தரவிடுவதில்லை.

2010இல் வெளியான ஓர் ஆய்வு இதை இன்னும் நுட்பமாகக் காட்டியது. சுண்டெலிகளின் காயத்திலிருந்து மேக்ரோஃபேஜ்களை வெவ்வேறு கட்டங்களில் நீக்கிப் பார்த்தார்கள். தொடக்கத்தில் நீக்கியபோது புதுச்சதை சரியாக உருவாகவில்லை. நடுவில் நீக்கியபோது புதிதாக முளைத்த நுண்குழாய்கள் உடைந்து இரத்தம் கசிந்தது, காயம் மூடவில்லை. கடைசிக் கட்டத்தில் நீக்கியபோது குறிப்பிடத்தக்க பாதிப்பு எதுவும் இல்லை. எத்தனை செல்கள் இருக்கின்றன என்பதோடு கணக்கு முடிவதில்லை. எந்த நாளில், எந்த வேலையில் இருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும்.

வெள்ளையணுக்களில் இன்னொரு வகையான டி செல்களுக்கும் இதில் பங்குண்டு. தோலிலுள்ள ஒழுங்குபடுத்தும் டி செல்கள் அழற்சியை அடக்கிக் காயம் மூட உதவுவது சுண்டெலிகளில் தெரிந்திருக்கிறது. மனிதர்களில் அவை எந்த அளவுக்குச் செய்கின்றன என்பதில் ஆராய்ச்சி தொடர்கிறது. உங்கள் கேள்விக்கு அது அவ்வளவு முக்கியமில்லை.

இப்போது அப்பாவின் பாதத்துக்கு வருவோம்.

நாள்பட்ட சர்க்கரை நோயில் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போகின்றன. வலியை உணரும் அந்த நரம்பு நுனிகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. காயம் பட்டதும் அவை சில சிறு புரதங்களைக் கசியவிட்டு இரத்தக் குழாய்களை விரியச் செய்கின்றன. நோய் எதிர்ப்புச் செல்களை அழைக்கவும் உதவுகின்றன. நரம்பு மரத்துப்போனால் வலி போகிறது, அதோடு அந்த அழைப்பும் மங்குகிறது. உங்களுக்கு வலியும் சிவப்பும் சேர்ந்து வந்ததற்கும், அவருக்கு இரண்டும் சேர்ந்து வராமல் போனதற்கும் இதுவும் ஒரு காரணம். காலுக்கு வரும் இரத்தக் குழாய்கள் குறுகியிருந்தால் சிவப்பு இன்னும் குறையும். வலியில்லாத காலால் அவர் புண்ணின் மேலேயே நடந்துகொண்டிருப்பார் என்பதையும் மறக்கக் கூடாது. ஒவ்வோர் அடியிலும் முழு உடலின் எடையும் பெருவிரலின் அடிப்பகுதியை அழுத்துகிறது. புதிதாக முளைக்கும் குழாய்கள் அந்த அழுத்தத்தில் தினமும் நசுங்குகின்றன.

அப்படியானால் அவருடைய புண்ணில் நோய் எதிர்ப்புச் செல்கள் இல்லையா? இருக்கின்றன, நிறையவே இருக்கின்றன. உறவினர்கள் சொல்லும் விளக்கம் தவறுவது இங்கேதான். சர்க்கரை அளவு உயர்ந்திருக்கும்போது நியூட்ரோஃபில்கள் தாமதமாக வருகின்றன, கிருமியைக் கொல்லும் திறனிலும் குறைகின்றன. ஆனால் வந்த பிறகு போவதில்லை. நான் மேலே சொன்ன டிஎன்ஏ வலைகளைத் தேவைக்கு அதிகமாக விரிக்கின்றன. சர்க்கரை நோயுள்ள சுண்டெலிகளில் அந்த வலை விரிப்பைத் தடுத்தபோது காயம் வேகமாக ஆறியது. மேக்ரோஃபேஜ்களோ இறந்தவற்றைச் சரியாக விழுங்குவதில்லை. விழுங்காததால் அவற்றின் குணம் மாறுவதில்லை. வாரக்கணக்கில் முதல் கட்ட வேலையிலேயே நின்றுவிடுகின்றன. சுரக்கும் வளர்ச்சிக் காரணிகளை நியூட்ரோஃபிலின் நொதிகள் கரைத்துவிடுகின்றன. இடித்த சுவரின் மண்ணை அள்ளாமல் அதன் மேலேயே இடித்துக்கொண்டிருக்கும் வேலை அது.

இந்த நிலையில் நோய் எதிர்ப்பைத் ‘தூண்டும்’ டானிக் என்ன செய்யும்? பெரும்பாலான டானிக்குகள் எதையும் செய்வதில்லை, பணம்தான் வீண். சிலவற்றில் சர்க்கரையும் சேர்ந்திருக்கும். அப்பாவுக்கு அது நேரடியாகவே கெடுதல். ஒரு டானிக் உண்மையிலேயே தூண்டியது என்றே வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே ஓயாத அழற்சியை இன்னும் தூண்டுவதால் புண் ஆறாது. அவருக்குத் தேவை, அந்தச் செல்கள் அடுத்த கட்டத்துக்குப் போக வழி விடுவது. அதற்கு உதவுபவை நான்கு விஷயங்கள்: சர்க்கரைக் கட்டுப்பாடு, காலுக்கு இரத்த ஓட்டம், புண்ணின் மேல் அழுத்தம் படாமை, இறந்த திசுவை முறையாக அகற்றுதல். உடலில் புரதமோ வைட்டமின் சியோ துத்தநாகமோ உண்மையிலேயே குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்வதும் உதவும். வைட்டமின் சி இல்லாமல் கொலாஜன் இழைகள் உறுதியாக முறுக்கிக்கொள்வதில்லை. ஆனால் குறை இருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்க வேண்டும், பொத்தாம்பொதுவாக அல்ல.

அந்த மஞ்சள் படலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். புண்ணின் அடியோடு ஒட்டிக்கொண்டு, துடைத்தாலும் வராமல், ஈரமாக, நாரைப்போல இருந்தால் அது பெரும்பாலும் சீழ் அல்ல. ஃபைப்ரினும் இறந்த திசுவும் சேர்ந்த படலம் அது. சீழ் திரவமாக வழியும். பெரும்பாலும் நாற்றம் இருக்கும். இரண்டும் ஒரே புண்ணில் இருக்கவும் கூடும் என்பதால் கடிதத்தை வைத்து என்னால் உறுதி சொல்ல முடியாது. எதுவாக இருந்தாலும் வீட்டில் அழுத்தித் துடைத்து அகற்றும் வேலை உங்களுடையதல்ல. மருத்துவர் இரத்த ஓட்டத்தைச் சோதித்துவிட்டு, கருவி கொண்டு அகற்றுவார்.

ஹைட்ரஜன் பெராக்சைடை இன்றோடு நிறுத்திவிடுங்கள். நுரை பொங்குவதைப் பார்த்தால் கிருமி சாகிறது என்று தோன்றும். நம் திசுவிலும் இரத்தத்திலும் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி அதை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது. அந்த ஆக்சிஜன்தான் நுரை. கிருமியே இல்லாத புண்ணிலும் அது நுரைக்கும். அதே நேரத்தில் ஃபைப்ரோபிளாஸ்ட்களையும் ஓரத்திலிருந்து நகர்ந்துவரும் மேல்தோல் செல்களையும் அது கொல்கிறது. இத்தனை வாரமாக நீங்கள் அக்கறையோடு செய்ததைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மருத்துவரைப் பார்க்கும்வரை மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் என்ற உப்பு நீரால் மெல்லக் கழுவி, சுத்தமான, புண்ணில் ஒட்டாத துணியால் மூடினால் போதும்.

காற்றாட விட்டால் சீக்கிரம் ஆறும் என்பதும் பழைய நம்பிக்கைதான். 1962இல் ஜார்ஜ் விண்டர், பன்றிகளின் தோலில் மேலோட்டமான காயங்களை ஏற்படுத்தி, சிலவற்றைத் திறந்துவிட்டார், சிலவற்றை மெல்லிய படலத்தால் மூடி ஈரம் காத்தார். மூடியவற்றில் மேல்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. காய்ந்த பொருக்கின் அடியில் செல்கள் துளைத்துக்கொண்டு போக வேண்டும். ஈரத்தில் நேராக நகர்ந்துவிடும். மேக்ரோஃபேஜ்கள் நடமாடவும் ஈரம் வேண்டும். ஆனால் புண்ணைச் சுற்றியுள்ள தோல் ஊறி வெளுத்துப்போகும் அளவுக்கு நனைந்திருக்கவும் கூடாது. எந்த வகைக் கட்டு என்பதைப் புண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

மருத்துவரிடம் போகும்போது இவற்றைக் கேளுங்கள். கணுக்காலில் இரத்த அழுத்தத்தை அளந்து கையோடு ஒப்பிட்டார்களா? மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சியைச் சோதித்தார்களா? புண் எலும்புவரை போயிருக்கிறதா என்று பார்த்து எக்ஸ்ரே எடுத்தார்களா? மூன்று மாத சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி எவ்வளவு? காலின் அழுத்தத்தைக் குறைக்கும் தனிக் காலணியோ மாவுக்கட்டோ தேவையா? என் கருத்தில் இந்தக் கடைசிக் கேள்விதான் அதிகம் மறக்கப்படுவது. எவ்வளவு நல்ல மருந்து போட்டாலும், அந்தப் புண்ணின் மேல் நடந்துகொண்டே இருந்தால் ஆறாது. அப்பா ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். ஸ்டீராய்டு மேக்ரோஃபேஜ்களை அடக்கிவிடும், சர்க்கரையையும் ஏற்றும். ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். அது உயிருக்கே ஆபத்தாகலாம். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டார் என்பதும் தெரிந்திருந்தால் நல்லது.

கடிதத்தின் கடைசி வரியை நான் தவறவிடவில்லை. தூங்கிப் பல நாளாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 1995இல் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவருடைய குழுவினரும், மறதி நோயுள்ள உறவினரைக் கவனித்துக்கொள்ளும் பெண்களையும், அப்படிப்பட்ட சுமை இல்லாத, அதே வயதுப் பெண்களையும் எடுத்து, ஒவ்வொருவர் கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவில் சின்னதாக ஒரு காயம் ஏற்படுத்தி, ஆறும் நாளைக் கணக்கிட்டார்கள். கவனித்துக்கொள்ளும் பெண்களுக்குக் காயம் ஆறச் சராசரியாக ஒன்பது நாள் கூடுதலாக ஆனது. ஓயாத மன அழுத்தம் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனை உயர்த்துகிறது. கார்ட்டிசோல் காயத்தின் தொடக்க கட்டச் செல்களின் செய்திப் பரிமாற்றத்தைக் குறைக்கிறது. உங்கள் உள்ளங்கை நல்லபடியாக ஆறிவிட்டது, சந்தோஷம். ஆனால் வாரத்தில் இரண்டு இரவாவது அப்பாவைக் கவனிக்க வேறு யாரையாவது இருக்கச் சொல்லிவிட்டு நீங்கள் தூங்குங்கள். டானிக் கொடுங்கள் என்று சொன்ன உறவினர்களிடமே கேளுங்கள். அவர்கள் செய்யக்கூடிய உண்மையான உதவி அது.

உள்ளங்கைத் தழும்பு இன்னும் சிவப்பாகத் தெரிந்தால் கவலை வேண்டாம். கொலாஜன் மறுசீரமைப்பு மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் நடக்கும். முழுதாக முதிர்ந்த தழும்பும் பழைய தோலின் வலிமையில் சுமார் 80 சதவீதத்தைத்தான் எட்டும்.

அப்பாவுக்குக் காய்ச்சல், நடுக்கம், புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுதல், கால் வீக்கம், நாற்றம், விரல் கறுத்தல், காரணமில்லாமல் சர்க்கரை ஏறுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் நாளை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இவை எதுவுமே இல்லாமலும் தொற்று ஆழத்துக்குப் போயிருக்கலாம். எனவே இவை தென்படவில்லை என்பதற்காக மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். போகும்போது அவர் வழக்கமாகப் போடும் காலணியையும் கொண்டு போங்கள். எங்கே அழுத்துகிறது என்பதை அதன் உட்புறத் தேய்மானமே காட்டிவிடும். இன்று இரவே இடது காலையும் நல்ல வெளிச்சத்தில், விரல் இடுக்கு உட்படப் பாருங்கள். வலது காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் இடது காலிலும் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். அங்கேயும் அவருக்குத் தெரியாமல் ஒரு புண் தொடங்கியிருக்கலாம்.